தகாது, கூடாது: ஒரே வாக்கியம், இரண்டு நாடுகள்

1991இல் மிச்சிகன் மாநிலத்திலிருந்து ஒரு போதைப்பொருள் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 672 கிராம் கொக்கெய்ன் வைத்திருந்த ஒருவருக்கு ஆயுள் சிறை. பரோல் கிடையாது, சாகும்வரை உள்ளேதான். அதற்கு முன் அவர் பெரிய குற்றம் எதிலும் தண்டனை பெற்றவர் இல்லை. செய்த குற்றத்துக்கு இது ரொம்ப அதிகம், அரசியல் சாசனத்தின் 8ஆவது திருத்தம் தடுக்கிற கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை இதுதான் என்பது அவர் வாதம். தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று விளக்க, பக்கம் பக்கமாக ஒரு பழைய ஆளைப் பற்றி எழுதினார். டைட்டஸ் ஓட்ஸ். 1685இல் லண்டன் தெருக்களில் சவுக்கடி வாங்கிய ஒரு பொய்ச்சாட்சி.

306 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் அடி வாங்கியவனுக்கும் மிச்சிகன் கைதிக்கும் என்ன சம்பந்தம்? பிரிட்டனும் அமெரிக்காவும் எங்கே பிரிந்தன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குக் கிடைக்கவில்லை. பொதுவாக இந்த ஒப்பீட்டை "பிரிட்டனுக்கு எழுதப்பட்ட அரசியல் சாசனம் இல்லை, அமெரிக்காவுக்கு உண்டு" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி தப்பில்லை. ஆனால் அதனால் ஒரு சாதாரண மனிதனுக்கு என்ன ஆகிறது என்பது அதில் தெரிவதில்லை. ஒரே வாக்கியத்தை இரண்டு நாடுகளிலும் பின்தொடர்ந்து போனால் தெரியும்.

யார் இந்த ஓட்ஸ்?

ஓட்ஸ் ஒரு மதகுரு. வாயைத் திறந்தால் பொய். 1678இல், கத்தோலிக்கர்கள் சேர்ந்து மன்னர் இரண்டாம் சார்லஸைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார். அப்படி ஒரு சதியே இல்லை. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கர் என்றாலே பயம். அந்தப் பீதியில் குறைந்தது 15 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1685இல் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் மன்னரானார். கணக்குத் தீர்க்கும் நேரம் வந்தது. பொய்ச்சாட்சிக்கு அன்றைய சட்டத்தில் மரண தண்டனை இல்லை. அதனால் ஜெஃப்ரீஸ் தலைமையிலான நீதிமன்றம் வேறு வழி பார்த்தது. ஓட்ஸின் குரு அங்கியைக் கழற்ற வேண்டும். ஆல்ட்கேட்டிலிருந்து நியூகேட் வரை சவுக்கால் அடித்துக்கொண்டே கூட்டிப்போக வேண்டும். ஒருநாள் விட்டு, நியூகேட்டிலிருந்து டைபர்ன் வரை மறுபடியும் அடி. அப்புறம் ஆயுள் சிறை. அதோடு, உயிரோடு இருக்கும்வரை வருஷத்துக்கு 5 தடவை தலையையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி நடுத்தெருவில் நிறுத்த வேண்டும்.

1688 முடிவதற்குள் ஜேம்ஸ் நாட்டை விட்டே ஓடிவிட்டார். அவருக்குப் பதிலாக வில்லியமையும் மேரியையும் அரியணையில் உட்காரவைத்த நாடாளுமன்றம், பழைய அரசர் செய்த அக்கிரமங்களைப் பட்டியல் போட்டு, இனி இவையெல்லாம் நடக்கக்கூடாது என்று 1689இல் ஓர் உரிமைச் சாசனம் நிறைவேற்றியது. 'பில் ஆஃப் ரைட்ஸ்' என்று இன்றும் அழைக்கப்படுவது அதுதான். அதில் நமக்கு வேண்டியவை இரண்டே விஷயங்கள்.

ஒன்று, தண்டனை பற்றியது. அளவுக்கு மீறிய ஜாமீன் கேட்பதும், அளவுக்கு மீறிய அபராதம் போடுவதும், கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை கொடுப்பதும் தகாது.

இன்னொன்று, ஆயுதம் பற்றியது. புராட்டஸ்டன்ட் குடிமக்கள், தங்கள் நிலைக்கு ஏற்றபடியும் சட்டம் அனுமதிக்கிறபடியும், தற்காப்புக்கு ஆயுதம் வைத்துக்கொள்ளலாம்.

சாசனம் எழுதி முடித்த கையோடு அதற்குச் சோதனையும் வந்தது. தன் தண்டனையை ரத்து செய்யச் சொல்லி ஓட்ஸே பிரபுக்கள் சபைக்குப் போனார். பெரும்பான்மைப் பிரபுக்கள் மறுத்துவிட்டார்கள். சிறுபான்மையினர் மட்டும், நாம் இப்போதுதான் தடை செய்த கொடூரமான தண்டனை இதுதானே என்று எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். மக்கள் சபையும் அவர்கள் பக்கம் நின்றது. கடைசியில் அரசர் மன்னிப்புக் கொடுத்து ஆளை வெளியே விட்டார். இங்கே கவனிக்க வேண்டியது, சண்டை நடந்த இடம். சாசனத்துக்கு என்ன அர்த்தம் என்று பேசி முடித்தவர்கள் நாடாளுமன்றமும் அரசரும்தான்.

கடல் தாண்டிய வாக்கியம்

1776 ஜூனில் வர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தை எழுதியபோது, தண்டனை பற்றிய வாக்கியத்தை இங்கிலாந்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. எழுதியவர் ஜார்ஜ் மேசன். 1789இல் ஜேம்ஸ் மேடிசன் அதையே அமெரிக்க அரசியல் சாசனத்துக்கான திருத்தமாக முன்வைத்தார். 1791இல் அது 8ஆவது திருத்தமானது. என் தொழிலில், ஒருவர் எழுதிய நிரலை அப்படியே நகலெடுத்து வேறு திசையில் வளர்ப்பதை ஃபோர்க் என்போம். இது அப்படி ஒரு ஃபோர்க்.

ஆனால் மேடிசன் ஒரு சொல்லை மாற்றினார். இங்கிலாந்தின் வாசகம் 'தகாது' என்ற தொனியில் இருந்தது. நல்ல அரசு இப்படிச் செய்யாது என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதி மாதிரி. மேடிசன் அதைக் 'கூடாது' என்று ஆக்கினார். இது கட்டளை.

ஆயுத வாக்கியத்தில் நடந்தது இதைவிடப் பெரிய மாற்றம். அமெரிக்காவின் 2ஆவது திருத்தம், ஒழுங்குபடுத்தப்பட்ட மக்கள்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம் என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையில் கைவைக்கக் கூடாது என்று முடிகிறது. இங்கிலாந்தின் 'சட்டம் அனுமதிக்கிறபடி' என்ற நிபந்தனை அதில் இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? கட்டளை என்றால், மீறுகிறவனைத் தடுக்க ஒருத்தர் வேண்டும். அது யார் என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா எடுத்துக்கொண்ட பதிலின் விதையும் இங்கிலாந்தில் விழுந்ததுதான்.

1606இல் லண்டனில் தாமஸ் பான்ஹம் என்ற மருத்துவர் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்தார் என்று மருத்துவர் கல்லூரி அவரைச் சிறையில் போட்டது. அதற்கு நாடாளுமன்றச் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது. வசூலாகும் அபராதத்தில் பாதி கல்லூரிக்கே போகும். அதாவது தன் வழக்குக்குத் தானே நீதிபதி. தலைமை நீதிபதி எட்வர்ட் கோக், பொது நியாயத்துக்கும் அறிவுக்கும் விரோதமான சட்டத்தை, நாடாளுமன்றமே போட்டிருந்தாலும், செல்லாது என்று சொல்ல நீதிமன்றத்தால் முடியும் என்று எழுதினார். இங்கிலாந்தில் அந்தக் கருத்து நிற்கவில்லை. மன்னரோடு மோதிக்கொண்டே இருந்த கோக் 1616இல் பதவியையும் இழந்தார். 1765இல் பிளாக்ஸ்டோன் இங்கிலாந்துச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதத் தொடங்கியபோது, நாடாளுமன்றத்துக்கு மேல் எதுவும் இல்லை என்பது அங்கே முடிந்த விஷயம்.

கோக்கின் கருத்தை மறக்காதவர்கள் குடியேற்றங்களில் இருந்தார்கள். 1761இல் பாஸ்டனில், யார் வீட்டிலும் புகுந்து சோதனை போடலாம் என்ற பொது ஆணைகளை எதிர்த்து ஜேம்ஸ் ஓட்டிஸ் வாதாடினார். அரசியல் அமைப்புக்கு விரோதமான சட்டம் சட்டமே இல்லை என்றார். வழக்கில் தோற்றார். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த இளம் வக்கீல்களில் ஒருவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் 2ஆவது அதிபர். 1766இல் லண்டன் நாடாளுமன்றம், எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தனியாக ஒரு சட்டமே போட்டது. எல்லையில்லாத நாடாளுமன்றம் என்பது இங்கிலாந்துக்காரனுக்கு அரசனிடமிருந்து கிடைத்த விடுதலை. பாஸ்டன்காரனுக்கு அதுவே இன்னொரு அரசன். அந்தச் சபையில் அவனுக்கு ஓட்டு இல்லையே.

அதனால் அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எழுதப்பட்ட சாசனத்தை வைத்தார்கள். ஆனால் அதை மீறும் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று அந்தச் சாசனத்தில் எங்கும் வெளிப்படையாக எழுதவில்லை. 1803இல் ஜான் மார்ஷல்தான் அதைச் செய்தார். வில்லியம் மார்பரி என்பவருக்குக் கையெழுத்தாகி முத்திரையும் விழுந்த பதவி ஆணை கைக்கு வரவில்லை. ஆட்சி மாறி ஜெஃபர்சன் வந்ததும் அதைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். (பழைய ஆட்சியில் அந்த ஆணையை அனுப்பத் தவறிய வெளியுறவு அமைச்சர் வேறு யாருமில்லை, இதே மார்ஷல்தான்!) பதவி மார்பரியின் உரிமை என்றார் மார்ஷல். ஆனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வர அவரை அனுமதிக்கும் சட்டப்பிரிவு சாசனத்துக்கு முரண், ஆகவே செல்லாது என்றார். மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை. நீதிமன்றத்துக்கு அதைவிடப் பெரியது கிடைத்தது.

பிரிட்டனில் இன்றுவரை எந்த நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரம் இல்லை. அரசாங்கம் செய்வதை ரத்து செய்யலாம். 2019இல் பிரதமரின் ஆலோசனைப்படி நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என்று 11 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அடித்துப்போட முடியாது. 1998ஆம் வருஷத்து மனித உரிமைச் சட்டமும், இது உரிமைகளுக்குப் பொருந்தவில்லை என்று அறிவிக்க மட்டுமே அனுமதிக்கிறது. அப்புறம் சட்டத்தை மாற்றுவதும் விடுவதும் நாடாளுமன்றத்தின் இஷ்டம்.

தூக்குக் கயிறு

இப்போது தண்டனை வாக்கியத்தை இரண்டு நாடுகளிலும் பார்ப்போம்.

1950இல் லண்டனில் திமதி எவன்ஸ் என்ற இளைஞர், தன் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டில் பெண்களின் பிணங்கள் வெளிவந்தன. கிறிஸ்டி தொடர் கொலைகாரர். எவன்ஸுக்குத் தண்டனைக் குறைப்பை மறுத்து, தூக்குக்கு அனுப்பிய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் சூட்டர் ஈட். 1948இல் தூக்கு தண்டனை ஒழிப்பை எதிர்த்துப் பேசியவர் அவர். 1955இல் அதே நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, எவன்ஸ் விஷயத்தில் தப்பு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, ஒழிப்பை ஆதரித்தார்.

1964 டிசம்பரில் சிட்னி சில்வர்மன் கொண்டுவந்த தனிநபர் மசோதாவுக்கு ஆதரவாக 355 பேரும் எதிராக 170 பேரும் வாக்களித்தார்கள். 1965 நவம்பர் 8ஆம் தேதி அது சட்டமானது. முதலில் 5 வருஷத்துக்கு என்று தொடங்கி, 1969இல் நிரந்தரமானது. அப்போது பிரபுக்கள் சபையில் இருந்த சூட்டர் ஈட், சட்டம் வந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். மக்களில் பெரும்பான்மையினர் அப்போதும் தூக்கு வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1983இல் மார்கரெட் தாட்சர் பெரிய வெற்றியோடு திரும்பி வந்தபோது, தூக்கைத் திரும்பக் கொண்டுவர மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. தாட்சரே தூக்குக்கு ஆதரவு. ஆனால் 223க்கு 368 என்று தீர்மானம் தோற்றது. இந்த நெடிய சண்டையை 'கொடூரமான, வழக்கத்துக்கு மாறான' என்ற சொற்களுக்கு அகராதிப் பொருள் தேடி யாரும் முடிக்கவில்லை. தவறான ஆளைத் தூக்கில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கு உறுப்பினர்கள் பதில் சொன்னார்கள்.

அமெரிக்காவில் அதே கேள்வி 9 பேரிடம் போனது. 1972இல் ஃபர்மன் வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் நாடு முழுவதும் மரண தண்டனை நின்றது. 9 நீதிபதிகளும் 9 தனித்தனித் தீர்ப்பு எழுதினார்கள். யாருக்குத் தூக்கு, யாருக்குச் சிறை என்பது மின்னல் யார் தலையில் விழும் என்பதுபோல இருக்கிறது என்றார் ஒருவர். 600க்கும் மேற்பட்டவர்களின் தண்டனை ரத்தானது. உடனே 35 மாநிலங்கள் புதுச் சட்டம் போட்டன. 1976இல் அதே நீதிமன்றம் 7க்கு 2 என்று, ஒழுங்கான விதிமுறைகள் இருந்தால் சரிதான் என்றது. 1977 ஜனவரியில் யூட்டாவில் துப்பாக்கிப் படை முன் மறுபடி தொடங்கியது.

1987இல் வாரன் மெக்கிளஸ்கி என்ற கறுப்பரின் வழக்கு வந்தது. வெள்ளையரைக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு, கறுப்பரைக் கொன்றவர்களைவிட 4 மடங்குக்கும் மேல் என்று ஜார்ஜியா மாநிலத்தின் வழக்குகளை ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார்கள். நீதிமன்றம் 5க்கு 4 என்று அந்த வாதத்தைத் தள்ளியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பாவெல். அந்த வருஷமே ஓய்வு பெற்றார். 1991இல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவரிடம், ஒரு வாக்கை மாற்ற முடியுமானால் மெக்கிளஸ்கி வழக்கில்தான் மாற்றுவேன் என்றார். அதே 1991 செப்டம்பரில் மெக்கிளஸ்கி மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த ஒப்பீடு எனக்குப் புரிந்தது. சூட்டர் ஈட், பாவெல். இருவருக்கும் மனசு மாறியது. எவன்ஸின் உயிரை சூட்டர் ஈட்டால் திருப்பித் தர முடியவில்லைதான். ஆனால் மாறிய மனசோடு போய்ப் பேச அவருக்கு ஒரு சபை இருந்தது. அங்கே நேற்றைய முடிவை இன்று மாற்றலாம், மாற்றச் சொல்லி மற்றவர்களையும் கேட்கலாம். பாவெலின் முடிவு சாசனத்தின் அர்த்தமாகவே ஆகிவிட்டது. அதை மாற்ற இன்னொரு வழக்கு வரவேண்டும், அப்போது வேறு 5 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இல்லாவிட்டால் சாசனத்தையே திருத்த வேண்டும். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், 50இல் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இதுவரை 27 திருத்தங்கள்தான். கடைசியாக 1992இல் சேர்ந்தது, 1789இல் மேடிசன் காலத்தில் முன்மொழிந்தது!

கைத்துப்பாக்கி

1996 மார்ச் 13. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் ஒருவன் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றான். துப்பாக்கிகளை அவன் சட்டப்படிதான் வைத்திருந்தான். 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு போனது. 1997 தொடக்கத்தில் ஜான் மேஜர் அரசு பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அதே வருஷம் வந்த டோனி பிளேர் அரசு மிச்சமிருந்த .22 வகையையும் தடை செய்தது. நஷ்டஈடு கொடுத்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கி அழித்தார்கள். 1689 சாசனம் குறுக்கே வரவில்லை. 'சட்டம் அனுமதிக்கிறபடி' என்றுதானே எழுதியிருந்தது? சட்டம் அனுமதிக்கவில்லை. அவ்வளவுதான்.

வாஷிங்டன் நகரம் கைத்துப்பாக்கிக்குத் தடை போட்டது 1976இல், பிரிட்டனுக்கு 21 வருஷம் முன்னாலேயே. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதை ரத்து செய்தது. எழுதியவர் அதே ஸ்காலியா. ஆயுதம் வைத்திருப்பது படையோடு தொடர்பில்லாத தனிமனித உரிமை என்று காட்ட அவர் எடுத்த சான்றுகளில் ஒன்று, 1689ஆம் வருஷத்து ஆங்கிலேயச் சாசனம்! பிரிட்டனில் கைத்துப்பாக்கித் தடைக்குக் குறுக்கே நிற்காத வாக்கியம், கடலுக்கு அந்தப் பக்கம் தடையை ரத்து செய்ய உதவியது. 2022இல் நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய உரிமச் சட்டம் விழுந்த வழக்கில், 1328இல் இங்கிலாந்து போட்ட நார்தாம்ப்டன் சட்டத்துக்கு என்ன பொருள் என்றுகூட நீதிபதிகள் வாதிட்டுக்கொண்டார்கள்.

பழி எல்லாவற்றையும் நீதிமன்றத்தின் மேல் போடவும் முடியாது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் ஏற்பாட்டை விரிவாக்க ஒரு மசோதா வந்தது. 2013 ஏப்ரலில் செனட்டில் 54 பேர் ஆதரித்தார்கள், 46 பேர் எதிர்த்தார்கள். ஆனால் செனட் நடைமுறைப்படி 60 வேண்டும். பெரும்பான்மை இருந்தும் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு பெரும்பான்மை நினைத்தவுடன் எதையும் மாற்றிவிடக் கூடாது என்ற கவலை அமெரிக்க அமைப்பு முழுவதிலும் இருக்கிறது. நீதிமன்றம் அதில் ஒரு பூட்டு.

அந்தப் பூட்டு எதற்கு?

இதுவரை படித்தவர்களுக்கு, அப்படியானால் பிரிட்டன் முறைதான் நல்லது போலிருக்கிறதே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1968 பிப்ரவரி கடைசி. கென்யாவில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் அங்கே நெருக்கடி முற்றியதால் பிரிட்டனுக்கு வரத் தொடங்கினார்கள். கையில் பிரிட்டன் பாஸ்போர்ட் இருந்தது. சட்டப்படி அவர்கள் பிரிட்டன் குடிமக்கள். பயந்துபோன லேபர் அரசு, மூன்றே நாளில் ஒரு சட்டத்தை இரு அவைகளிலும் நிறைவேற்றியது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்தவர்களாக இல்லையென்றால், பாஸ்போர்ட் இருந்தாலும் தடையில்லாமல் உள்ளே வர முடியாது. நிறம் என்ற சொல் சட்டத்தில் இல்லை. யாரைத் தடுக்க என்பது எல்லோருக்கும் தெரியும். லண்டனில் எந்த நீதிமன்றத்துக்கும் இந்தச் சட்டத்தைத் தொட அதிகாரமில்லை. இது நிறவெறிப் பாகுபாடு, மனிதரை இழிவுபடுத்துகிறது என்று 1973இல் சொன்னது ஐரோப்பிய மனித உரிமை ஆணையம். வெளியிலிருந்து ஒரு குரல்.

அதற்கு எட்டு மாதம் முன்னால், 1967 ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ரிச்சர்ட் லவிங் வெள்ளையர், மில்ட்ரெட் கறுப்பினப் பெண். கல்யாணம் செய்துகொண்டதற்காக வர்ஜீனியாவில் அவர்கள் மேல் குற்ற வழக்கு. அப்போது 16 மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் இருந்தது. பொதுமக்கள் கருத்தும் அந்தத் திருமணங்களுக்கு எதிராகத்தான் இருந்தது. வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் லவிங் தம்பதியர் இன்னும் எத்தனை வருஷம் காத்திருந்திருப்பார்களோ. 9 நீதிபதிகள் ஒருமனதாக 16 சட்டங்களையும் ஒரே நாளில் முடித்துவைத்தார்கள்.

ஆனால் அதே நீதிமன்றம்தான் 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர்கள் குடிமக்களாகவே முடியாது என்றும், புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னது. மார்பரி வழக்குக்குப் பிறகு நாடாளுமன்றச் சட்டத்தை அது ரத்து செய்தது அதுவே முதல் தடவை. அந்தத் தீர்ப்பைத் துடைக்க ஓர் உள்நாட்டுப் போரும், 1865, 1868 திருத்தங்களும் தேவைப்பட்டன.

கென்யா இந்தியருக்கு ஒரு மார்ஷல் தேவைப்பட்டார், கிடைக்கவில்லை. மெக்கிளஸ்கிக்கு, தன் முடிவைத் திருத்திக்கொள்ளக் கூடிய ஒரு சபை தேவைப்பட்டது, கிடைக்கவில்லை.

நம் ஊர்

1950இல் நாம் லண்டனிலிருந்து நாடாளுமன்றத்தையும், வாஷிங்டனிலிருந்து எழுதப்பட்ட உரிமைகளையும் சட்டத்தை ரத்து செய்யும் நீதிமன்றத்தையும் எடுத்துக்கொண்டோம். இங்கேயும் ஒரு சொல் மாறியது. உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க அமெரிக்கச் சாசனம் 'முறையான சட்ட வழி' கேட்கிறது. நம்முடையது 'சட்டம் வகுத்த நடைமுறை' போதும் என்றது. அந்த வருஷமே, தடுப்புக் காவலில் சென்னைச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதன் விலையைக் கண்டார். நாடாளுமன்றம் போட்ட சட்டம், அதில் சொன்ன நடைமுறை, அது போதும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று சொல்ல 1978இல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது.

எந்த முறை நல்லது என்று கேட்டால் என்னிடம் மதிப்பெண் பட்டியல் இல்லை. ஒரு சட்டம் உங்களுக்கு அநியாயம் செய்தால் யாரிடம் போய்ப் பேசுவீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 650 உறுப்பினர்களில் பாதிக்கு மேல் உங்கள் பக்கம் வரவேண்டும். நீங்கள் சிறுபான்மை என்றால் அது நடக்காமலே போகலாம். அமெரிக்காவில் 5 நீதிபதிகள் போதும். ஆனால் அந்த 5 பேர் எதிர்ப்பக்கம் போய்விட்டால், நாட்டில் பாதிப்பேர் உங்களோடு நின்றாலும் பயனில்லாமல் போகலாம்.

மிச்சிகன் கைதியை மறந்துவிடவில்லை. 5க்கு 4 என்று வாஷிங்டனில் அவர் தோற்றார். ஆனால் மிச்சிகனுக்கும் தனியாக ஒரு சாசனம் உண்டு. அதில் அந்தப் பழைய வாக்கியம் கொஞ்சம் மாறி, கொடூரமான 'அல்லது' வழக்கத்துக்கு மாறான தண்டனை என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். இந்த வித்தியாசத்தையும் ஒரு காரணமாகக் காட்டி, 1992இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் வேறு வழக்கில் அந்தத் தண்டனையின் பரோல் மறுப்பை ரத்து செய்தது. அவருக்கும் பரோல் கேட்கும் வழி திறந்தது.